அண்ணர் வந்து போகும்வரை நின்ற மாடுகள்

அண்ணர் வந்து போகும்வரைக்கும் மாடுகள் பட்டியில் நிற்க வேண்டும். என் கணவர் கேட்டது அது ஒன்றைத்தான். பண்ணையை விட்டு எழும்பச் சொன்னபோது அவர் சண்டை பிடிக்கவில்லை, வக்கீலிடம் போகவில்லை, ஒரு கெட்ட வார்த்தைகூடச் சொல்லவில்லை. அவருக்கும் சேர்த்துக் குசினிக்குள் அடுப்படியில் நின்று நான்தான் எல்லாம் சொன்னேன். அவர் அந்தப் பக்கம் மாட்டு வியாபாரியோடு தொலைபேசியில், ஜூலை முடியும்வரை பொறுக்கச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருந்தார். "நோர்வேயிலிருந்து என் அண்ணன் வருகிறார்" என்று ஜேர்மன் மொழியில் அவர் திரும்பத் திரும்பச் சொன்னது எனக்குக் கேட்டது. மாடு வாங்குகிறவனுக்கு நோர்வே அண்ணனைப் பற்றி என்ன கவலை!

நாங்கள் இருப்பது ஹனோவரிலிருந்து காரில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஓட வேண்டிய ஒரு கிராமத்தில். என் கணவரை அகதியாக இந்த ஊரில்தான் கொண்டுவந்து விட்டார்கள். ஒரு பண்ணைக்காரருக்கு மாடு பார்க்க ஆள் தேவைப்பட்டது, ஊரில் தகப்பனின் வயலிலும் பட்டியிலும் வளர்ந்த இவருக்கு மாடு தெரிந்திருந்தது, அவ்வளவுதான் கதை. அந்த மனுசனுக்குப் பிள்ளைகள் இல்லை. வயது போன பிறகு பண்ணையை இவருக்குக் குத்தகைக்கு விட்டார். நாங்கள் இந்த வீட்டிலேயே குடிவந்து, இங்கேயே இரண்டு பிள்ளைகளை வளர்த்து, ஒன்றை ஹம்பேர்க்குக்கும் மற்றதை ஹனோவருக்கும் வேலைக்கு அனுப்பினோம். பண்ணைக்காரர் போன வருசம் செத்துப்போனார். பான் நகரத்தில் இருக்கிற அவருடைய தம்பியின் மகளுக்குக் காணி போனது. அவள் ஒரு கேக் கட்டிக்கொண்டு வந்து, எங்கள் மேசையில் இருந்து, மிகவும் மரியாதையாக, குத்தகையை இனிப் புதுப்பிக்க மாட்டேன் என்றாள். காணி முழுவதும் சூரிய மின்சாரத் தட்டுகள் வரப்போகிறதாம். வீட்டில் மட்டும் வசந்தம் வரைக்கும் இருக்கலாமாம். கத்தியிருந்தாலாவது நானும் திருப்பிக் கத்தியிருப்பேன். கேக்கோடு வந்தவளிடம் என்னத்தைக் கத்துவது?

அந்தக் கிழமைதான் அண்ணரின் அழைப்பும் வந்தது.

அண்ணர் என்றால் இவருடைய ஒரே அண்ணன். இவருக்கு முதலே நோர்வேக்குப் போனவர். வடக்கே, குளிர்காலத்தில் சூரியனே எழும்பாத ஊரில், மீன் தொழிற்சாலையில் நின்று மீன் வெட்டி, பிறகு ஒஸ்லோவுக்கு வந்து வீடு வாங்கி, மகளைப் படிப்பித்து நிமிர்ந்தவர். தம்பியையும் அங்கே எடுக்கத்தான் நினைத்தார். இவர் ஜேர்மனியில் இறங்கி நின்றுவிட்டார். அதுகூடப் பரவாயில்லை, இவர் மாடு பார்க்கப் போனதுதான் அண்ணருக்குப் பொறுக்கவில்லை. "உலகமெல்லாம் கடந்து வந்து சாணி அள்ளுறியோ?" என்று அன்றைக்குக் கேட்டவர், பிறகு ஒவ்வொரு தொலைபேசியிலும் அதையே வேறு வேறு விதமாகக் கேட்டார். இவர் ஒருநாளும் பதில் சொன்னதில்லை. "ஓம் அண்ணை, ஓம் அண்ணை" என்று கேட்டுக்கொண்டு நிற்பார்.

பிறகு அண்ணரின் மகளின் கலியாணம் வந்தது. எங்களுக்கு விமானச் சீட்டு எடுத்து, பெட்டி கட்டி, இவர் கோட்டும் போட்டு வாசலில் நின்றார். காலையில் ஒரு மாட்டுக்குக் கன்று குறுக்கே நின்றுவிட்டது. உதவிக்கு ஒப்புக்கொண்டவன் பயந்து கையை விட்டுவிட்டான். இவர் கோட்டைக் கழற்றி வேலியில் போட்டுவிட்டுப் பட்டிக்குள் போனார். கன்று பிழைத்தது, விமானம் போய்விட்டது. அண்ணர் தொலைபேசியில், "மாடுதான் உனக்குச் சொந்தமெண்டால் மாட்டோடயே கிட" என்று சொல்லி வைத்தவர்தான், பிறகு வருசக்கணக்காகக் கதைக்கவில்லை. இவர் ஒவ்வொரு புதுவருசத்துக்கும் தொலைபேசி எடுப்பார். அந்தப் பக்கம் மணி அடித்து அடித்து நிற்கும்.

அப்படிப்பட்ட மனுசன் இந்த வருசம் வேலையால் ஓய்வு பெற்றுவிட்டு, திடீரென்று எடுத்து, ஏதோ நேற்றுத்தான் கதைத்தவர்போல், "உன்ர பண்ணையை ஒருக்கால் வந்து பாக்கவேணும் தம்பி" என்றார்.

"வாங்கோ அண்ணை" என்றார் இவர். தொலைபேசியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "பண்ணை போகுதெண்டு அவையளுக்கு வாய் திறக்காதையும். பிள்ளையளுக்கும் சொல்லி வையும்."

"ஏனாம்? சொன்னால் என்ன, தலையைச் சீவிப்போடுவாரோ?"

"ஒருக்கால் வந்து என்ர மாடுகளைப் பாத்து, நல்லாயிருக்கடா எண்டு அவர் ஒரு சொல்லுச் சொல்லவேணும். அது காணும் எனக்கு. போகப்போற பண்ணையெண்டு தெரிஞ்சால் பரிதாபத்தில சொல்லுவார். இல்லாட்டி, நான் அப்பவே சொன்னனானெல்லோ எண்டுவார். இரண்டும் வேண்டாம்."

ஒரு சொல்லுக்காக ஒரு மனுசன் இப்படியும் காத்துக்கிடப்பானா? ஆனால் இவரோடு இத்தனை வருசம் குடித்தனம் நடத்தியவளுக்குத் தெரியும், இவர் யாரிடமும் எதுவும் கேட்டதில்லை. சரி, வாயைக் கட்டிக்கொள்கிறேன் என்று ஒப்புக்கொண்டேன்.

அவர்கள் வந்தார்கள். அண்ணர், அவருடைய மனைவி, கலியாணம் முடித்த அந்த மகள், மூன்று பேரும் ஹம்பேர்க்கில் இறங்கி வாடகைக் காரில் வந்தார்கள். அண்ணரின் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அக்கா கார்க் கதவைத் திறந்த உடனேயே மூக்கைப் பொத்தினா. "ஐயோ பிள்ளை, எப்பிடி உந்த மணத்துக்க இருக்கிறியள்?" வருசக்கணக்காக மீன் வெட்டின வீட்டிலிருந்து வந்த மூக்கு! நான் சிரித்துக்கொண்டு, "பழகீரும் அக்கா, வாங்கோ" என்றேன். அண்ணர் வெள்ளைச் சப்பாத்துப் போட்டிருந்தார். பட்டிக்கு வருகிறவருக்கு வெள்ளைச் சப்பாத்து! இவர் ஓடிப்போய் தன்னுடைய இறப்பர் பூட்ஸ் ஒரு சோடியைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து அண்ணரின் காலடியில் வைத்தார். அண்ணர் அதைப் பார்த்துவிட்டு, "பிறகு பாப்பம்" என்று வீட்டுக்குள் போய்விட்டார்.

முதல் சில நாட்கள் நோர்வே புராணம்தான் கேட்டோம். நோர்வேயில் தண்ணீர் இப்படி, நோர்வேயில் றோட்டு அப்படி. அண்ணர் பட்டியைச் சுற்றி நடந்தார், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. பால் கறக்கும் கூடத்தைப் பார்த்தார், குளிர்ந்த பாலை வைத்திருக்கும் பெரிய தாங்கியைப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. இவர் பக்கத்தில் நடந்து ஒவ்வொன்றையும் காட்டினார். இது நல்ல குணம், இது உதைக்கும், இது என் கையால் தந்தால்தான் மருந்து தின்னும். அண்ணர் "ம்" என்பார். ஒவ்வொரு நாளும் சாப்பாட்டுக்கு வந்து இருக்கும்போது நான் இவருடைய முகத்தைப் பார்ப்பேன். இவர் தலையை இல்லையென்று மெல்ல ஆட்டுவார். எனக்கு வருகிற ஆத்திரத்துக்கு அண்ணரின் சாப்பாட்டுக் கோப்பையில் சோற்றைப் போட்டுக் கரண்டியால் ஒரு தட்டுத் தட்டுவேன்.

இதற்கிடையில் நான் வேறு பொய்களைக் கட்டிக் காக்க வேண்டியிருந்தது. மேலறையில் நான் ஏற்கனவே பெட்டி கட்டத் தொடங்கியிருந்தேன். அக்கா ஒருநாள் ஏறிப்போய்ப் பார்த்துவிட்டு, "ஏன் பிள்ளை, அலுமாரியெல்லாம் வெறுமையாய்க் கிடக்கு?" என்று கேட்டா.

"பெயின்ற் அடிக்கப்போறம் அக்கா."

"என்ன நிறம்?"

எனக்கு ஒரு நிறமும் வாயில் வரவில்லை. "வெள்ளை" என்றேன். கீழே இறங்கிவந்து கழிவறைக்குள் பூட்டிக்கொண்டு அழுதேன்.

அண்ணரின் மகள் மட்டும் வந்த நாளிலிருந்து பட்டியில்தான் கிடந்தாள். நோர்வேயில் பிறந்த பிள்ளை, தமிழை ஒரு இழுவையோடு கதைப்பாள். எந்நேரமும் கைத்தொலைபேசியில் படம் பிடித்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் என் கணவரை மறித்து நின்று கேட்டாள். "சித்தப்பா, என்ர வெடிங்குக்கு வராமல் விட்டனீங்களே, அது எந்த மாட்டுக்காக?"

நான் கையில் பிடித்திருந்த வாளியோடு அப்படியே நின்றுவிட்டேன். இவர் கூசவில்லை. "தாய் இப்ப இல்லை அம்மா. அண்டைக்குப் பிறந்த கன்று நிக்குது, வா" என்று கூட்டிக்கொண்டு போனார். வயிற்றில் வெள்ளை வட்டம் விழுந்த கறுப்பு மாடு. இப்போது அதுவே கன்று போட்டுக் கன்று போட்டுக் கிழடாகப் பார்க்கிற வயது. மடி வீங்கி, மருத்துவர் வந்து ஊசி போட்டிருந்தார். அதனால் அதன் பின்னங்காலில் ஒரு சிவப்பு நாடா கட்டியிருந்தது. மருந்து ஏறிய மாட்டின் பாலைத் தாங்கிக்குள் விடக்கூடாது, புறம்பாகக் கறந்து ஊற்ற வேண்டும். யார் கறந்தாலும் தெரியட்டும் என்றுதான் அந்த நாடா. அந்தப் பிள்ளை மாட்டின் கழுத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அப்பா, இஞ்ச வாங்கோ! என்ர வெடிங் மாடு!" என்று கத்தினாள். அண்ணர் தூரத்தில் நின்று பார்த்தார். கிட்ட வரவில்லை. ஆனால் அன்று பின்னேரம் வாசலில் அவருடைய வெள்ளைச் சப்பாத்து மட்டும் கிடந்தது, பூட்ஸைக் காணவில்லை.

அதற்குப் பிறகு அண்ணர் கொஞ்சம் கொஞ்சமாக இளகினார். வைக்கோல் தள்ளினார். கன்றுக்குப் பால் பருக்கினார். போவதற்கு முதல்நாள், ஞாயிற்றுக்கிழமை, காலைத் தேநீர் குடிக்கும்போது தானாகவே சொன்னார். "தம்பி, தை மாதம் என்னால வர ஏலாது. இண்டைக்கே பட்டிப்பொங்கல் பொங்குவம்."

ஆடி மாதத்தில் மாட்டுக்குப் பொங்கலா என்று நான் வாயெடுத்தேன். இவருடைய முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டேன். அடுத்த நாள் காலையில் அவர்கள் புறப்படுகிறார்கள். அடுத்த நாள் மத்தியானம் வியாபாரியின் லொறி வருகிறது. இதைவிட்டால் இந்த மாடுகளுக்கு இன்னொரு பொங்கல் எங்கே இருக்கிறது? நான் எழும்பிப்போய் அரிசியைக் களைந்தேன்.

முற்றத்தில் கல்லு வைத்து, மண்பானைக்கு எங்கே போவது என்று அலுமினியப் பானையை ஏற்றினோம். தாங்கியிலிருந்து எடுத்த பால் பொங்கி வழிந்தது. அக்கா "பொங்கலோ பொங்கல்" என்று குரல் வைக்க, பக்கத்துக் காணியில் உழவு இயந்திரத்தில் போன ஜேர்மன்காரன் நிறுத்திவிட்டுப் பார்த்தான். மூக்கைப் பொத்தினவ என்றும் இல்லாமல், அக்கா தானே சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மஞ்சள் தண்ணீர் வாளியோடு பட்டிக்குள் இறங்கினா. தாயும் மகளுமாக மாடுகளுக்குப் பொட்டு வைத்து, தோட்டத்துப் பூவைக் கோத்துக் கழுத்தில் கட்டினார்கள். கலியாண மாட்டுக்கு விசேட மரியாதை. அதன் காலை அக்கா தன் கையாலேயே கழுவினா. நான் அடுப்படியில் நின்றதால் அதைக் காணவில்லை. அண்ணர் கற்பூரம் கொளுத்திக் காட்டினார். மாடுகள் மிரளாமல் நின்றன. இவர் ஒரு தூணோடு சாய்ந்து நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். புகை என்றார்.

பின்னேரப் பால் கறக்கும் நேரம் வந்தது. இவர் எழும்பினார். அண்ணர் கையைப் பிடித்து இழுத்து இருத்தினார். "டேய், இண்டைக்கு ஒருநாளாவது என்னோட இருந்து சாப்பிடடா. வந்த நாள் தொடக்கம் பாக்கிறன், ஒரு நேரம் நீ முழுசாய் இருந்து சாப்பிடேல்ல."

இவர் என்னைப் பார்த்தார். சனி ஞாயிறுகளில் உதவிக்கு வருகிற ஜேர்மன் பிள்ளை வந்து நின்றாள். விவசாயத்தில் அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி முடித்த, பொறுப்பான பிள்ளை. "அவள் பாப்பாள், நீங்கள் இருங்கோ" என்று நான்தான் சொன்னேன். இத்தனை வருசத்தில் வீட்டில் நின்றுகொண்டே இவர் கறவைக்குப் போகாத பின்னேரம் அது ஒன்றுதான். தம்பியும் அண்ணனும் ஒரே பாயில் இருந்து பொங்கல் சாப்பிட்டார்கள். இவர் மூன்றாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எனக்கு அன்றைக்கு அது காணும்போல் இருந்தது.

சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு இவர் பட்டிக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் என்னைக் கூப்பிட்டார். குரல் சரியில்லை. நாங்கள் எல்லோரும் போனோம். கலியாண மாடு மாலையோடும் பொட்டோடும் நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தது. பின்னங்கால் பளிச்சென்று கழுவிக் கிடந்தது. சிவப்பு நாடாவைக் காணவில்லை.

"நாடா எங்க?" என்றார் இவர்.

"அந்த ஊத்தை நாடாவையோ?" என்றா அக்கா, சந்தோசமாக. "நான்தான் கழட்டி எறிஞ்சனான். மகாலட்சுமியின்ர காலில விலங்கு மாதிரிக் கிடந்தது. எடுத்துப்போட்டு மஞ்சள் கயிறு கட்டியிருக்கிறன், பாருங்கோ."

ஜேர்மன் பிள்ளையிடம் கேட்டோம். நாடா இல்லாத மாடு, எல்லா மாட்டையும்போல் கறந்தேன் என்றாள். பால் தாங்கிக்குள் போயிருந்தது. அவளில் என்ன பிழை? முகம் வெளுத்து நின்றவளை இவர்தான் தேற்றி வீட்டுக்கு அனுப்பினார்.

என்ன நடந்தது என்று விளங்கியதும் அக்கா தலையில் கைவைத்தா. "ஐயோ, எனக்குத் தெரியாதே!" இவர், "பரவாயில்லை அண்ணி, நீங்கள் நல்லதுக்குத்தானே செய்தனீங்கள்" என்றார். அவ்வளவு மெதுவாகச் சொன்னார். எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. வாயில் வந்ததை விழுங்கப் பெரும்பாடு பட்டேன். ஏனென்றால், அவர்கள் ஒருவருக்கும் தெரியாதது எனக்குத் தெரியும். விடிய வருகிற பால் லொறிதான் எங்கள் கடைசி லொறி. இத்தனை வருசத்தில் எங்கள் பாலை ஒருநாள்கூடப் பிழையென்று திருப்பியதில்லை. கடைசித் தாங்கியையும் நிறைத்து, நல்லபடி கொடுத்து அனுப்ப வேண்டும் என்று இவர் ஆசைப்பட்டுக்கொண்டிருந்தார்.

அண்ணர் தாங்கியைப் பார்த்தார். "உவ்வளவு பாலுக்கு ஒரு மாட்டின்ர பால் எந்த மூலைக்கு? ஆருக்குத் தெரியப்போகுது தம்பி?"

"எனக்குத் தெரியும்தானே அண்ணை."

சொல்லிவிட்டு, குழாயைச் சாணிக்குழிக்கு இழுத்து விட்டு, தாங்கியின் வாயைத் திறந்தார். வெயில் இன்னும் இறங்கியிருக்கவில்லை. பால் ஓடிக்கொண்டே இருந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். சத்தத்தைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. அக்காவும் மகளும் அழுதுகொண்டு வீட்டுக்குள் போனார்கள். இவர் அசையாமல் நின்று, கடைசிச் சொட்டு வரைக்கும் பார்த்தார்.

பால் முடிந்ததும் தாங்கியைக் கழுவ வேண்டும். இவர் குனியமுன் அண்ணர் தண்ணீர்க் குழாயை எடுத்துவிட்டார். காற்சட்டையை முழங்காலுக்குச் சுருட்டி, எங்கே அடிக்க வேண்டும், எந்த மூலையில் அழுக்கு நிற்கும் என்று யாரும் சொல்லாமலே கழுவினார். "மீன் தாங்கியும் இதுதான்ரா" என்றார். "ஒரு பெட்டி பழுதெண்டால் நாங்களும் முழுக்கக் கொட்டுவம். கொட்டாமல் மறைச்சவங்களையும் கண்டிருக்கிறன். நான் மறைச்சதில்லை." இரண்டு பேரும் ஒரே மாதிரிப் பூட்ஸோடு, நனைந்துபோய், ஒருவர் தேய்க்க மற்றவர் தண்ணீர் அடிக்க, கதைக்காமல் வேலை செய்தார்கள். நான் வாசலில் நின்று பார்த்தேன். சின்ன வயதில் ஒன்றாய் வேலை செய்தவர்கள் என்பது அந்தக் கைகளில் தெரிந்தது.

கழுவி முடிந்ததும் அண்ணர் குழாயைச் சுருட்டி ஆணியில் மாட்டினார். திரும்பி நின்று சொன்னார்.

"நல்லாச் செய்திருக்கிறாய் தம்பி. நான்தான் விசரன், இவ்வளவு காலமும் வந்து பாக்கேல்ல. அப்பாவுக்குப் பிறகு எங்கட வீட்டில ஒரு கமக்காரன் எண்டால் அது நீதான்."

இவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். முப்பது வருசமாகக் காத்திருந்த சொல். எனக்குக் கைதட்ட வேண்டும்போலவும் இருந்தது, சுவரில் தலையை மோத வேண்டும்போலவும் இருந்தது. அண்ணர் விட்டாரா? அதோடு விட்டிருக்கலாம்.

"ஒண்டு மட்டும் கேக்கிறன். என்ன வந்தாலும் இதை விட்டிடாதை. தைக்குப் பட்டிப்பொங்கல் அண்டைக்கு நான் போன் எடுப்பன், மாடுகளைக் காட்டு. அங்கயிருந்து நான் கும்பிடுறன். என்ன?"

என் நாக்கு நுனியில் வந்து நின்றது. நாளைக்கு லொறி வருகுது அத்தான், நாளைக்கு! அண்ணரிடம் சொல்லியிருப்பேன். இவர் தலையை நிமிர்த்தி என்னை ஒரு பார்வை பார்த்தார். அதற்குப் பிறகு சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"ஓம் அண்ணை" என்றார்.

திங்கட்கிழமை காலையில் பால் லொறிக்காரன் வந்து தாங்கியைத் திறந்து பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்றான். விடியக் கறந்தது மட்டும்தான் அடியில் கிடந்தது. இவ்வளவுதான் என்றார் இவர். அவன் இவருக்குக் கைகொடுத்து, இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனான். அவனுக்குத் தெரியும்.

அவர்கள் புறப்பட்டார்கள். அக்கா என்னைக் கட்டிப்பிடித்து, "பெயின்ற் அடிச்சுப்போட்டுப் படம் அனுப்பு பிள்ளை" என்றா. மகள் பட்டிக்கு ஓடிப்போய்க் கலியாண மாட்டுக்கு முத்தம் கொடுத்துவிட்டு வந்தாள். அண்ணர் பூட்ஸைக் கழுவி வாசலில் அடுக்கி வைத்துவிட்டு வெள்ளைச் சப்பாத்தைப் போட்டார். "போயிட்டு வாறம்" என்றார்.

மத்தியானம் வருகிறேன் என்ற வியாபாரி, நாசமாய்ப் போவான், வேளைக்கே வந்துவிட்டான். எங்கள் பாதை ஒடுக்கமானது, இரண்டு வாகனம் ஒன்றாய்ப் போகாது. வளைவில் அண்ணரின் கார் புல்லுக்குள் ஒதுங்கி நின்றது. மாடு ஏற்றுகிற இரண்டு தட்டு லொறி, வெறும் கம்பிகள் தெரிய, அதைக் கடந்து எங்களை நோக்கி வந்தது. லொறி கடந்த பிறகும் கார் கொஞ்ச நேரம் புல்லுக்குள்ளேயே நின்றது. திரும்பி வரப்போகிறார்கள் என்று நான் நினைத்தேன். பிறகு மெல்ல ஏறி, றோட்டுக்குத் திரும்பிப் போனது.

மாடுகளை ஏற்றிய கதையை நான் எழுதப்போவதில்லை. கலியாண மாட்டின் காலில் அந்த மஞ்சள் கயிறு அப்படியே இருந்தது என்பதை மட்டும் சொல்கிறேன். மருந்து இன்னும் உடம்பில் நிற்கிற மாடு என்று வியாபாரியிடம் சொல்லிப் பத்திரம் கொடுத்த இவருக்கு, அந்தக் கயிற்றை வெட்டக் கை வரவில்லை.

அண்ணர் அதன் பிறகு இடைக்கிடை எடுத்தார். "மாடுகள் எப்பிடி?" என்பார். "சுகம் அண்ணை" என்பார் இவர். நான் குசினிக்குள் இருந்து கேட்டுக்கொண்டிருப்பேன். இவர் இப்போது ஒரு பொருள் பொதி செய்கிற கூடத்தில் பெட்டி ஒட்டுகிறார். வேலைக்கு நேரம் எட்டு மணி. ஆனால் பழைய நேரத்துக்கே எழும்பி, பூட்ஸைப் போட்டுக்கொண்டு, முற்றத்தைத் தாண்டிப் போய் வருவார். எங்கே போனீர்கள் என்று நான் கேட்பதில்லை. சாப்பாடு பாதியில் நிற்கிறது. பிள்ளைகள் டாக்டரைப் பார்க்க ஒரு நாள் குறித்து டேர்மின் எடுத்துக் கொடுத்தார்கள். டாக்டர் இரத்தம் எல்லாம் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார்.

தை வந்தது. வெளியே முழங்காலளவு பனி. பட்டிப்பொங்கலன்று விடுமுறை எடுத்துக்கொண்டு இவர் காலையிலிருந்தே தொலைபேசியை மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "எடுக்காதேங்கோ" என்றேன். "அண்ணை கூப்பிட்டு நான் எடுக்காமல் விடுறதோ?" என்றார். மணி அடித்ததும் எழும்பி, பூட்ஸைப் போட்டு, தொலைபேசியோடு பட்டிக்கு நடந்தார். நானும் பின்னால் போனேன்.

திரையில் அண்ணர், வேட்டியோடு, நெற்றி நிறைய விபூதி. அவருக்குப் பின்னால் ஒஸ்லோ யன்னலிலும் பனி கொட்டிக்கொண்டிருந்தது.

"எங்க தம்பி, மாடுகளைக் காட்டு."

இவர் பட்டியை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு சொன்னார். "மாடுகள் வெளியில மேயுது அண்ணை."

முழங்காலளவு பனிக்குள் மாடு மேயுமா! நோர்வேயில் ஆயுசைக் கழித்த மனுசனுக்கு அது தெரியாதா! அண்ணரின் முகம் திரையில் அப்படியே நின்றது. படம் அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன். இல்லை, அவருடைய கண் இமைத்தது.

"மேயட்டும்" என்றார் அண்ணர். "அதுகளைக் கூப்பிடாதை. மேயட்டும். நீ பட்டியைக் காட்டு, காணும்."

இவர் தொலைபேசியைத் திருப்பினார். வெறும் கம்பிகள், வெறும் சீமெந்து, தண்ணீர் உறைந்துபோன தொட்டிகள். திரையில் அண்ணர் கற்பூரத் தட்டை இரண்டு கையாலும் தூக்கினார். அவருடைய முகம் உடைந்துகொண்டிருந்தது. பின்னால் எங்கேயோ நின்று அக்கா, "கிட்டப் பிடியாதேங்கோ, புகை அலாரம் அடிக்கப்போகுது" என்று அழுகிற குரலில் சொன்னா. அண்ணர் கேட்கவில்லை. இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரைக்கும், ஒவ்வொரு மாடும் நின்ற இடத்துக்கு, மெதுவாகக் கற்பூரம் காட்டினார்.

படம் ஆடாமல் இருக்க இவரிடமிருந்து நான் தொலைபேசியை வாங்கிப் பிடித்தேன்.